கூறியது கூறல்: ஒரு முற்றொருமையின் வரலாறு

தாமல் ஏரியின் மதகருகே நின்று நீர் வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது சிறுவயதில் எங்களுக்கு ஒரு பெரும் பொழுதுபோக்கு. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கிறது அந்த ஏரி. மழைக்காலத்தில் நிறைந்துவிட்டால் மதகின் வாயில் ஒரு சுழி உருவாகும். வேப்பிலையைக் கிள்ளிப் போடுவோம். இலை வட்டமடித்து வட்டமடித்து உள்ளே போகும். அதைத்தான் சுழல் என்று நாங்கள் அறிந்திருந்தோம்.

பல ஆண்டுகள் கழித்து, இயற்பியல் மாணவனாக அதே கரையில் நின்று பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. சுழியில் சிக்கிய இலை மையத்தைச் சுற்றி வருகிறதே தவிர, மையத்துக்கு வெளியே இருக்கும்வரை அது தன்னைத்தானே அதிகம் சுற்றிக்கொள்வதில்லை. காம்பு காட்டும் திசை ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது. மாறாக, மதகுக்கு அப்பால் நேராக ஓடும் கால்வாயில் கரையோரம் ஒரு குச்சியைப் போட்டால், அது முன்னே செல்வதோடு தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. கரையை உரசும் பக்கம் நீர் மெல்லச் செல்கிறது, நடுப்பக்கம் விரைந்து செல்கிறது. அந்த வேறுபாடுதான் குச்சியைத் திருப்புகிறது. கணிதம் சுழல் என்று அழைப்பது இந்த இரண்டாவதைத்தான். சுழியில் அது அநேகமாக இல்லை; நேரோட்டத்தில் இருக்கிறது. கண் சொல்வதும் கணிதம் சொல்வதும் இங்கே நேரெதிராக நிற்கின்றன.

இந்த முரண் எனக்குள் ஒரு கேள்வியாகவே தங்கிவிட்டது. கண்ணுக்கு அகப்படாத ஒன்றைக் குறியீடுகள் எப்படிப் பிடிக்கின்றன? அதிலும் குறிப்பாக, கல்லூரியில் நாங்கள் நெட்டுருப் போட்ட வெக்டர் முற்றொருமைகள் எதை அறிந்து சொல்கின்றன? இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி கடைசியில் மொழியைப் பற்றியதுதான் என்பதால் கொஞ்சம் பொறுமையாக உடன்வர வேண்டுகிறேன்.

*

முதலில் சொற்கள். திசையும் அளவும் ஒருங்கே கொண்டதை வெக்டர் என்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதைக் காவி என்கின்றன, காவிச் செல்வது. இலத்தீன் மூலத்தின் பொருளும் சுமந்து செல்வதுதான். வெறும் அளவை மட்டும் கொண்டது அங்கே எண்ணி. நம் பக்கத்துத் திசையிலியைவிட எனக்கு அது பிடித்திருக்கிறது.

கர்ல் என்ற ஆங்கிலச் சொல்லை இதற்கு இட்டவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1870ஆம் ஆண்டு தம் பள்ளித் தோழர் டெயிட்டுக்கு எழுதிய கடிதத்தில் பல பெயர்களை அவர் பரிசீலிக்கிறார். பம்பரம் போல் சுற்றுவதைக் குறிக்கும் ஒரு சொல் அவருக்கு உவப்பாக இருந்தது. ஆனால் அதில் இயக்கம் மிகுந்து தொனிக்கிறது, தூய கணிதர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எண்ணி, சுருளைக் குறிக்கும் இந்தச் சொல்லைத் தேர்ந்தார். சுழலைக் கணக்கிடும் குறியீட்டுக்கு நாப்லா என்று பெயர். தலைகீழ் முக்கோணமாய் இருந்த அதன் வடிவம் ஒரு பழைய அசீரிய யாழை நினைவூட்டியதால், விவிலிய அறிஞர் ராபர்ட்சன் ஸ்மித் அந்தப் பெயரைச் சொன்னார். ஒரு யாழும் ஒரு சுருளும் சேர்ந்துதான் இந்தத் துறையின் அகராதி தொடங்குகிறது.

அதற்கு முன்பே கருத்து இருந்தது. 1850இல் கெல்வின் ஒரு கடிதத்தில் ஸ்டோக்ஸுக்கு ஒரு தேற்றத்தை எழுதினார். பரப்பின்மீது பரவிய சுழல்களின் கூட்டுத்தொகை, அப்பரப்பின் விளிம்பைச் சுற்றிவரும் ஓட்டத்துக்குச் சமம் என்பது அதன் சாரம். 1854இல் கேம்பிரிட்ஜின் ஸ்மித் பரிசுத் தேர்வில் ஸ்டோக்ஸ் அதை ஒரு கேள்வியாக வைத்தார். அந்தத் தேர்வை எழுதிப் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவர் இளைஞர் மாக்ஸ்வெல்.

நாம் இன்று எழுதும் வடிவில் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்கர் கிப்ஸ். 1881இலும் 1884இலும் தம் மாணவர்களுக்காக ஒரு சிறு கையேட்டை இரு பகுதிகளாகத் தனியே அச்சிட்டார். இங்கிலாந்தில் ஹெவிசைடு தனியாக அதே இடத்தை வந்தடைந்தார். ஹாமில்டன் 1843இல் கண்டுபிடித்த நான்மடி எண்களைத் தெய்வமாகப் போற்றிய டெயிட்டுக்கு இது பொறுக்கவில்லை. கிப்ஸின் முறையைக் கலப்புப் பிறவி என்னும் பொருள்பட ஏசினார். கடைசியில் நின்றது கலப்புப் பிறவிதான். இலக்கிய வரலாற்றிலும் இது அடிக்கடி நடப்பதுண்டு.

*

இரண்டு வெக்டர்களைக் குறுக்காகப் பெருக்கினால், இரண்டுக்கும் செங்குத்தான மூன்றாவது ஒரு வெக்டர் கிடைக்கும். இரண்டும் இணையாக இருந்தால் விடை சுழி. மூன்று வெக்டர்களை இப்படிப் பெருக்கும்போது வருவது எங்கள் வகுப்பில் முதலில் கற்ற முற்றொருமை:

க × (ச × ட) = ச (க · ட) − ட (க · ச)

இடப்பக்கம் இரண்டு குறுக்குப் பெருக்கங்கள். வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை, வெறும் புள்ளிப் பெருக்கங்கள்தாம். காரணம் எளிது. ச, ட இரண்டுக்கும் செங்குத்தானதற்கு மீண்டும் செங்குத்தானது ச, ட கிடக்கும் தளத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும்.

தேர்வொன்றில், குறுக்குப் பெருக்கத்தின் சுழலைக் காணும்படி கேட்டிருந்தார்கள். மேற்கண்ட சமன்பாட்டில் 'க' இருக்கும் இடத்தில் நாப்லாவை வைத்து இரண்டே உறுப்புகளில் விடையை முடித்துவிட்டேன். ஆசிரியர் விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "நாப்லா பெயர்ச்சொல் அல்ல, வினைச்சொல்." அது வெக்டர் போல நடந்துகொள்கிறது, ஆனால் தன் வலப்பக்கம் நிற்கும் எல்லாவற்றின்மீதும் செயல்படுகிறது. பெருக்கற்பலனில் இரு உறுப்புகள் இருந்தால் இரண்டின்மீதும் செயல்பட்டாக வேண்டும். எனவே விடையில் நான்கு உறுப்புகள்:

சுழல் (க × ச) = க (விரிவு ச) − ச (விரிவு க) + (ச · நாப்லா) க − (க · நாப்லா) ச

விரிவு என்பது ஓரிடத்திலிருந்து எவ்வளவு வெளியே பெருகுகிறது என்பதன் அளவு. எனக்கு அன்று இந்த நான்கும் நான்கு தண்டனைகளாகவே தெரிந்தன. 'க' என்பதை மின்சாரம் கடத்தும் ஒரு பாய்மத்தின் வேகமாகவும் 'ச' என்பதைக் காந்தப்புலமாகவும் கொண்டால் இவை என்னவாகின்றன என்பது பின்னர்தான் புரிந்தது. காந்தப்புலத்துக்கு விரிவு கிடையாது. எனவே முதல் உறுப்பு மறைகிறது. இரண்டாவது, பாய்மம் அழுந்தினால் புலமும் அழுந்தி வலுப்பதைச் சொல்கிறது. மூன்றாவது, ஓட்டத்தால் புலக்கோடுகள் இழுபட்டு முறுக்கேறுவது. நான்காவது, அவை ஓட்டத்தோடு அடித்துச் செல்லப்படுவது. 1942இல் ஸ்வீடன் நாட்டவரான ஆல்ஃப்வென் தொடங்கிவைத்த காந்தப் பாய்மவியலின் உயிர்நாடி இந்த ஒற்றை வரி. அவருக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது.

*

இங்கேதான் என் கேள்வி வருகிறது. முற்றொருமை என்றால் இருபக்கமும் எப்போதும் ஒன்றே. அது உலகைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஒரே பொருளை இருமுறை சொல்கிறது, அவ்வளவுதான். கூறியது கூறல் நூலுக்கு ஆகாத குற்றம் என்று தொல்காப்பியமும் நன்னூலும் பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. அப்படியானால் இயற்பியலின் பெரும்பகுதி குற்றத்தின்மேல் கட்டப்பட்டதா?

விடையைத் தேடிச் சூரியனுக்குப் போக வேண்டியிருக்கிறது. வழி கொடைக்கானல் ஊடாகச் செல்கிறது.

கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கப்பட்டது. 1907இல் அங்கு வந்து சேர்ந்தவர் ஜான் எவர்ஷெட். 1908இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் ஹேல், சூரியப் புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்தார். புள்ளிகளைச் சுற்றி அவர் எடுத்த படங்களில் சுருள் சுருளான இழைகள் தெரிந்தன. புள்ளி என்பது ஒரு மாபெரும் சுழி என்றே கருதப்பட்டது. அந்தச் சுழற்சியை அளக்கலாம் என்று எவர்ஷெட் 1909 ஜனவரியில் நிறமாலைமானியைப் புள்ளிகளின்மேல் திருப்பினார். கிடைத்தது சுழற்சி அன்று. வாயு புள்ளியின் மையப்பகுதியிலிருந்து நாலாபுறமும் ஆரங்கள் வழியே வெளிநோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். சுழி போலத் தோற்றமளித்தது சுழியாக ஓடவில்லை. தாமல் மதகில் நான் கண்ட முரணைச் சூரியனிலேயே கண்டவர் அவர்.

அப்படியானால் அந்தச் சுருள் இழைகள் எவை? முறுக்கேறியிருப்பது வாயுவின் ஓட்டம் அன்று, காந்தப்புலம் என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. ஆனால் முறுக்கேறிய புலம் சும்மா இருக்காது. புலத்தின் சுழல் என்பது மின்னோட்டம். மின்னோட்டத்தையும் புலத்தையும் குறுக்காகப் பெருக்கினால் விசை. இந்த விசையை ஒரு முற்றொருமை இப்படி மாற்றி எழுதுகிறது:

(சுழல் ச) × ச = (ச · நாப்லா) ச − சரிவு (ச² / 2)

இடப்பக்கத்தைப் பார்த்தால் ஒரு செங்குத்து விசை என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றாது. வலப்பக்கம் அதே விசையை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. முதலாவது இழுவிசை, வளைந்த புலக்கோடுகள் நேராக முயல்கின்றன. இரண்டாவது அழுத்தம், நெருங்கிய கோடுகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. தறியில் பாவு நூல் விறைத்து நிற்பதைப் பார்த்திருப்பவர்களுக்கு முதலாவதை விளக்க வேண்டியதில்லை. ஃபாரடே கணிதம் ஏதுமின்றி மனக்கண்ணில் கண்ட சித்திரம் இது. முற்றொருமை புதிதாக எதையும் சேர்க்கவில்லை. ஆனால் முதல் வாசகத்தில் மறைந்திருந்த சித்திரத்தை இரண்டாம் வாசகம் கண்முன் நிறுத்திவிட்டது.

சூரியனின் வெளிவளியில் வாயு மிக மெல்லியது. காந்த விசையை எதிர்த்து நிற்கும் வலு அதற்கில்லை. ஆயினும் அங்கே புல வளைவுகள் நாள்கணக்கில் அசையாமல் நிற்கின்றன. எனவே விசை தன்னைத்தானே அழித்துக்கொண்டிருக்க வேண்டும். இழுவிசையும் அழுத்தமும் ஒன்றையொன்று சரிக்கட்ட வேண்டும். குறுக்குப் பெருக்கம் சுழியாவது எப்போது? இரண்டும் இணையாக இருக்கும்போது. அதாவது புலத்தின் சுழல் புலத்தின் திசையிலேயே இருக்க வேண்டும்: சுழல் ச = ஆல்ஃபா ச. இதை விசையற்ற புலம் என்று 1954இல் லூஸ்ட், ஷ்லூட்டர் என்ற இரு ஜெர்மானியர் ஆராய்ந்து எழுதினர். ஆல்ஃபா என்பது முறுக்கின் அளவு. அதன் குறி வலமுறுக்கா இடமுறுக்கா என்பதைச் சொல்லும்.

எழுதுவதற்கு எளிய சமன்பாடு. தன் சுழலே தானாக இருக்கும் ஒன்றை எப்படிக் கட்டமைப்பது என்பதுதான் கடினம்.

*

கட்டமைத்துக் காட்டியவர்களில் ஒருவர் சென்னையில் வளர்ந்தவர். சுப்ரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். தாயார் சீதாலக்ஷ்மி இப்சனின் பொம்மை வீடு நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்கள் விரும்பிக் குறித்துக்கொள்வார்கள். 1930இல் கப்பலேறி, 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

சந்திரசேகருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு துறைக்குள் நுழைவார், பத்தாண்டு அளவில் அதிலேயே வாழ்வார், ஒரு பெருநூல் எழுதுவார், வெளியேறிவிடுவார். 1952 வாக்கில் அவர் நுழைந்தது பாய்மங்களும் காந்தப்புலங்களும் எப்போது நிலைகுலைகின்றன என்ற துறை. தொடக்க ஆண்டுகளில் என்ரிகோ ஃபெர்மியோடு சேர்ந்து இரு ஆய்வுகள் எழுதினார். 1957இல் பி. சி. கெண்டலோடு சேர்ந்து எழுதிய ஒரு சிறு கட்டுரையில், ஆல்ஃபா எங்கும் ஒரே மதிப்பாக இருக்கும் விசையற்ற புலங்களுக்கான பொதுத்தீர்வைத் தந்தார்.

அவர்கள் கைக்கொண்ட கருவி, நாங்கள் நெட்டுருப் போட்ட அதே முற்றொருமை. முதற்சமன்பாட்டில் இரண்டு நாப்லாக்களை வைத்தால் வருவது:

சுழல் (சுழல் ச) = சரிவு (விரிவு ச) − லாப்லாசியன் ச

காந்தப்புலத்துக்கு விரிவு இல்லாததால் வலப்பக்கத்தின் முதல் உறுப்பு மறைகிறது. புலத்தின் சுழல் ஆல்ஃபா மடங்கு புலம் என்றால், சுழலின் சுழல் ஆல்ஃபாவின் வர்க்க மடங்கு புலம். ஆக, முறுக்கின் முறுக்கு என்று மனம் திணறிய இடத்தில் இப்போது நிற்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பழகிப்போன அலைச் சமன்பாடு. பறையின் தோல் அதிரும் வடிவங்களையும் குழலுக்குள் ஒலி நிற்கும் வடிவங்களையும் சொல்வதும் அதே குடும்பம்தான்.

மிச்சம் ஒரு நெசவு வேலை. அந்த அலைச் சமன்பாட்டுக்கு இணங்கும் ஓர் எண்ணிச் சார்பை எடுத்து, ஒரு நிலைத்த திசையோடு பெருக்கி, அதன் சுழலைக் காண்கிறோம். இது முதற்புலம். முதற்புலத்தின் சுழலை எடுத்து ஆல்ஃபாவால் வகுத்தால் இரண்டாம் புலம். ஆகவே முதலாவதின் சுழல், வரையறைப்படியே, ஆல்ஃபா மடங்கு இரண்டாவது. இரண்டாவதின் சுழல் என்ன? மேற்கண்ட முற்றொருமை சொல்கிறது: ஆல்ஃபா மடங்கு முதலாவது. ஒன்றின் சுழல் மற்றொன்றாகிறது. மற்றொன்றின் சுழல் முதலாவதாகத் திரும்புகிறது. இரண்டையும் கூட்டிவிட்டால், கூட்டுத்தொகையின் சுழல் ஆல்ஃபா மடங்கு அதே கூட்டுத்தொகை. வேலை முடிந்தது. பாவும் ஊடையுமாக இரு புலங்கள். தனித்தனியே எதுவும் விசையற்றதல்ல, சேர்ந்தால் துணி நிற்கிறது.

1961இல் வெளிவந்த அவருடைய பெருநூல் அறுநூற்றைம்பது பக்கங்களுக்கு மேல் நீள்வது. சமன்பாட்டின் சுழலை எடு, அழுத்தம் மறையும். மீண்டும் சுழலை எடு, செங்குத்து வேகம் தனியே பிரியும் என்ற உத்தி அதில் மீண்டும் மீண்டும் வருகிறது. அவருக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது விண்மீன்களின் கட்டமைப்பும் பரிணாமமும் குறித்த ஆய்வுகளுக்காக. இந்தக் கட்டுரை அந்தப் புகழில் ஓர் அடிக்குறிப்பு மட்டுமே. ஆனால் இன்றும் பிளாஸ்மா ஆய்வாளர்கள் சந்திரசேகர்-கெண்டல் சார்புகள் என்று பெயர்சொல்லிப் பயன்படுத்துகிறார்கள்.

ஏன் பயன்படுகிறது என்பதை வோல்ட்யெர் 1958இல் காட்டினார். புலத்தின் மொத்த முறுக்கு மாறாது காக்கப்பட்டால், ஆற்றல் குறைந்து குறைந்து அது சென்றடையும் இறுதி நிலை இந்த ஆல்ஃபா மாறாப் புலம்தான். 1974இல் டெய்லர், ஆய்வுக்கூடப் பிளாஸ்மாக்கள் கொந்தளித்து அடங்கும்போது தாமாகவே இந்த நிலைக்கு வருவதை விளக்கினார். சூரியனிலிருந்து வீசப்படும் காந்த மேகங்கள் விண்கலங்களைக் கடந்து செல்கையில் அவற்றின் உருவத்தை ஊகிக்கவும் இதே குடும்பத்துத் தீர்வு ஒன்று கைகொடுக்கிறது. சூரியனின் வடபாதியில் இடமுறுக்கும் தென்பாதியில் வலமுறுக்கும் மிகுந்திருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 ஒரு காந்தமானியைச் சுமந்து சென்றது. அதன் வெளிவளி நோக்கியை உருவாக்கிய இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் கொடைக்கானல் ஆய்வகத்தையும் நடத்துகிறது. எவர்ஷெட் தேடிய சுருளைத் தேடும் வேலை முடிந்தபாடில்லை.

*

கேள்விக்குத் திரும்புகிறேன். கூறியது கூறல் எப்போது குற்றம்? அதே பார்வையில், அதே சொல்லடைவில் மீண்டும் கூறினால் குற்றம். வேறொரு வாசகமாகக் கூறினால் அதன் பெயர் உரை. பரிமேலழகரைக் காஞ்சிக்காரர் என்று மரபு சொல்லும். அவர் குறளில் இல்லாத எதையும் சேர்க்க உரிமை பெற்றவர் அல்லர். குறள் சொன்னதையே மீண்டும் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் அவர் சொன்னபிறகு நாம் படிக்கும் குறள், முன்பு படித்த குறள் அன்று. முற்றொருமையும் இப்படி ஓர் உரைதான். உலகைப் பற்றி அது புதிதாக ஒன்றும் சொல்வதில்லை; நாம் ஏற்கெனவே எழுதிவிட்ட ஒன்றுக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்கிறது. உரையாசிரியருக்கும் கணிதருக்கும் உள்ள வேறுபாடு, கணிதரின் உரையை எவரும் மறுக்க இயலாது என்பதே.

எங்கள் தலைமுறையின் இழப்பு எது என்றும் இப்போது தெளிவாகிறது. மூலத்தையும் உரையையும் நாங்கள் ஒருசேர மனப்பாடம் செய்தோம். ஏன் ஒருவர் அதே பொருளை இரண்டாம் முறை சொல்ல நேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மதகருகே இலையைப் போட்டுப் பார்த்த சிறுவனிடம் அந்தக் கேள்வி இருந்தது. வகுப்பறைக்குள் அவனை நானே அழைத்துச் செல்லவில்லை.

சென்ற மார்கழியில் தாமலுக்குப் போயிருந்தேன். ஊரின் பெருமாளுக்குத் தாமோதரன் என்று பெயர், கயிற்றால் கட்டுண்டவன். பிரசாதத்தை வாங்கிக்கொண்டு கரைக்கு நடந்தேன். வழியில் திண்ணையில் ஒரு முதியவர் தேங்காய் நாரில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். புரிகளை ஒருபக்கம் முறுக்கி, அவற்றை ஒன்றோடொன்று எதிர்ப்பக்கம் முறுக்கிச் சேர்த்தார். கையை எடுத்தார். கயிறு பிரியவில்லை.

"அவிழாதுங்களா தாத்தா?" என்றேன்.

"ஒண்ணு அவுழப் பாத்தா இன்னொண்ணு இறுக்கிக்கும் தம்பி," என்றார்.

கரையில் ஏரி நிறைந்து கிடந்தது. மதகின் வாயில் சுழி இருந்தது. ஒரு வேப்பிலையைக் கிள்ளிப் போட்டேன்.